நான் அனுப்பவே இல்லை... எனக்கு எதுக்கு ரிட்டர்ன்?

பல் விளக்குவதற்கு முன்பே மெயில் பார்க்கிற கட்சியா நீங்கள்? அப்படியானால் என்றைக்காவது ஒருநாள் இந்த அதிர்ச்சி உங்களுக்கும் காத்திருக்கிறது.

இன்பாக்ஸைத் திறக்கிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக 300 மெயில்! எல்லாம் 'மெயிலர்-டீமன்' என்கிற ஒரே ஆசாமியிடமிருந்து. 'நீங்கள் அனுப்பிய மெயிலை உரியவரிடம் சேர்க்க முடியவில்லை' என்று ஒவ்வொன்றும் வருத்தத்தோடு சொல்கிறது. யாருக்கு அனுப்பினீர்களாம்? போலந்தில் ஒருத்தர், பிரேசிலில் ஒருத்தர், நீங்கள் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியில் ஒருத்தர். நீங்களோ நேற்று ராத்திரி பத்து மணிக்கே தூங்கிவிட்டீர்கள்.

'ஐயோ, அக்கவுன்ட்டை ஹேக் பண்ணிட்டாங்க!' என்று அலறுகிறீர்கள். பக்கத்துக் கட்டில் நண்பன் போர்வைக்குள் இருந்தபடியே ஐடியா கொடுப்பான். "மச்சி, மெயிலர்-டீமன்னு வந்தா நேரா குப்பைக்குப் போற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டுடு. மேட்டர் ஓவர்."

நிறுத்துங்க! அந்த 300 மெயிலைவிட இந்த ஃபில்டர்தான் ஆபத்து. அடுத்த வாரம் ஒரு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்புவீர்கள். அவசரத்தில் முகவரியில் ஒரு எழுத்து தப்பிவிடும். 'இந்த முகவரியில் யாரும் இல்லை' என்று உடனே தகவல் வரும். ஆனால், அதையும் உங்கள் ஃபில்டர் குப்பைக்கு அனுப்பிவிடும். 'கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க' என்று நீங்கள் போனையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசித் தேதி கடந்துபோயிருக்கும்.

ஸோ, திருப்பி வரும் மெயிலில் எது நிஜம், எது வேண்டாத தொல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய வித்தை எல்லாம் இல்லை, ஒரு தபால் உறையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

உறைமேல் முகவரி

பள்ளிக்கூடத் தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதியிருப்பீர்கள். மேலே அனுப்புநர், பெறுநர், பிறகு 'ஐயா', கடைசியில் மறக்காமல் கட்டம் கட்டி 'உறைமேல் முகவரி'. ஈமெயிலிலும் அதே கதைதான். உள்ளே இருக்கிற கடிதம் வேறு, வெளியே இருக்கிற உறை வேறு. உங்கள் கண்ணுக்குத் தெரியும் 'ஃப்ரம்', 'டு' எல்லாம் கடிதத்துக்குள்ளே எழுதியவை. சர்வர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது உறையில் இருக்கும் முகவரிகளை. உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரிக்கு 'ரிட்டர்ன்-பாத்' என்று பெயர். மெயில் போய்ச் சேரவில்லை என்றால், தகவல் திரும்பி வருவது அந்த முகவரிக்குத்தான்.

இங்கேதான் ஓட்டை. தபால் பெட்டியில் கடிதம் போடுகிறவரிடம், 'உறையில் எழுதியிருப்பது உங்க முகவரிதானா?' என்று யாராவது கேட்கிறார்களா? இல்லையே! மெயிலிலும் யாரும் கேட்கவில்லை. சர்வர்கள் மெயில் கைமாற்றும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் 'ஆர்.எஃப்.சி. 821' என்ற ஆவணத்தில் அதை எழுதிவைத்தபோது, நெட்வொர்க்கில் இருந்தது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் நம்புகிற சின்ன ஊர். அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க அந்த விதிகளில் வழி வைக்கவில்லை.

ஆனால், ஓர் அருமையான கடமையை வைத்தார்கள். ஒரு மெயிலை 'சரி' என்று சர்வர் வாங்கிக்கொண்டால், அதைச் சேர்ப்பது அதன் பொறுப்பு. முடியாவிட்டால், அனுப்பியவருக்குச் சொல்லியாக வேண்டும். வாங்கிவிட்டுச் சும்மா தொலைத்துவிடக் கூடாது. 'பவுன்ஸ்' என்கிற ரிட்டர்ன் மெயில் பிறந்தது இந்த நேர்மையில்தான்.

வாசலில் நடக்கும் பேச்சு

இரண்டு சர்வர்கள் சந்தித்தால் என்ன பேசிக்கொள்ளும்? ஏறக்குறைய இப்படி:

"வணக்கம், நான் இன்ன சர்வர்."

"250, சரி."

"இன்னாரிடமிருந்து ஒரு கடிதம்."

"250, சரி."

"உங்க வீட்டுக் குமாருக்கு."

"550, அப்படி யாரும் இங்கே இல்லை."

அவ்வளவுதான். எண்ணில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஓகே. 4 என்றால் 'இப்போ முடியாது, அப்புறம் வா'. 5 என்றால் 'முடியவே முடியாது'.

மேலே சொன்ன பேச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. குமார் இல்லை என்று வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. கடிதம் இன்னும் கொண்டுவந்தவர் கையில்தான் இருக்கிறது. கொண்டுவந்தது உங்கள் காலேஜ் சர்வர் என்றால், அது திரும்பி வந்து உங்களிடம் சொல்லும். அது நிஜமான, பயனுள்ள பவுன்ஸ். கொண்டுவந்தது ஸ்பாம் அனுப்பும் திருட்டு புரோகிராம் என்றால்? அது தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை.

இப்போது ஓர் அசட்டு சர்வரைப் பாருங்கள். வாசலில் யார் வந்து என்ன கொடுத்தாலும், "250, சரி, வெச்சுட்டுப் போ" என்கிறது. ஆள் போன பிறகு நிதானமாக உள்ளே தேடுகிறது. குமார் இல்லை! இனி என்ன செய்யும்? கொண்டுவந்தவன் ஓடிவிட்டான். கடமை தவறாத சர்வர் உறையைத் திருப்பிப் பார்க்கிறது. அங்கே அந்தத் திருடன் எழுதிவைத்திருப்பது உங்கள் முகவரி! வருத்தம் தெரிவித்து உங்களுக்கு மெயில் போடுகிறது. இந்த மாதிரி 300 அசட்டு சர்வர்கள் சேர்ந்தால் உங்கள் காலைப்பொழுது காலி. இதற்கு மெயில் அட்மின்கள் வைத்திருக்கும் பெயர் 'பேக்ஸ்கேட்டர்'.

இதை விஷமத்துக்காக யாரும் செய்வதில்லை. டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய பிரபலமான கியூமெயில் சாஃப்ட்வேரை (1998-ல் வந்த 1.03 பதிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் அது டொமைன் நம்முடையதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது உள்ளே போன பிறகுதான். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2003-ல் வாசலிலேயே ஆளைச் சரிபார்க்கும் வசதி இருந்தது. ஆனால், அட்மின் தானாகத் தேடிப் போய் அதை ஆன் செய்ய வேண்டும். இன்னொரு வழக்கமான குற்றவாளி, மெயின் சர்வர் படுத்துவிட்டால் கைகொடுக்க வைக்கும் பேக்கப் சர்வர். அதனிடம் பெயர்ப் பட்டியல் இருக்காது. எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகு மெயின் சர்வரிடம் திட்டு வாங்கும்.

அந்த ஆகஸ்ட், அந்த ஜனவரி

இந்தத் தொல்லை உலகம் முழுக்க உறைத்தது 2003 ஆகஸ்டில். 'சோபிக்.எஃப்' என்ற வைரஸ் கிளம்பியது. ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்ததும் அங்கே கிடைக்கிற மெயில் முகவரிகளை எல்லாம் பொறுக்கும். அதில் ஒன்றை அனுப்புநராகப் போட்டு மற்றவர்களுக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். 'தேங்க் யூ', 'யுவர் டீடெய்ல்ஸ்' என்று நல்ல பிள்ளை மாதிரி தலைப்பு வேறு.

கூத்து அதற்குப் பிறகுதான். கம்பெனிகளின் வாசலில் இருந்த ஆன்டி-வைரஸ் புரோகிராம்கள் வைரஸைப் பிடித்தன. பிடித்ததோடு விட்டிருக்கலாம். 'நீங்கள் எங்களுக்கு வைரஸ் அனுப்பியிருக்கிறீர்கள்!' என்று உறையில் இருந்த முகவரிக்கு எச்சரிக்கை அனுப்பின. வைரஸே இல்லாத அப்பாவிகளுக்கு, அனுப்பாத மெயிலுக்காக! அனுப்புநர் பொய் என்பது அந்த வைரஸின் குணம். வைரஸை அடையாளம் தெரிந்த புரோகிராமுக்கு அந்தக் குணமும் தெரிந்திருக்க வேண்டாமா? அட்மின்கள் கடுப்பானதில் நியாயம் இருந்தது.

அடுத்து, 2004 ஜனவரியில் 'மைடூம்' வந்தது. இது இன்னும் கில்லாடி. 'மெயில் டெலிவரி சிஸ்டம்', 'மெயில் டிரான்ஸாக்ஷன் ஃபெயில்டு' என்ற தலைப்புகளில், பவுன்ஸ் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. 'என்னடா திரும்பி வந்திருக்கு?' என்று இணைப்பைத் திறந்தால் போச்சு. பவுன்ஸ் மேல் இருந்த நம்பிக்கையையே அது ஆயுதமாக்கியது. இன்றைக்கும் 'உங்கள் மெயில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, இங்கே கிளிக் செய்யவும்' என்று பாஸ்வேர்டு பிடுங்க வருகிற போலி மெயில்கள் அதே குடும்பத்து வாரிசுகள்தான்.

அட்மின் அண்ணன் என்ன செய்வார்?

காலேஜ் கம்ப்யூட்டர் சென்டரில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் ஓடுகிறீர்கள். நல்ல அட்மின் என்றால் டென்ஷன் ஆக மாட்டார். வரிசையாகத் துப்புத் துலக்குவார். உங்களுக்கும் இந்த வேலையில் ஆசை இருந்தால், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

முதல் கேள்வி, 'இது நம்ம வீட்டிலிருந்து போனதா?' பவுன்ஸுக்குள் மூல மெயிலின் ஹெடர் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். அதில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள், தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி. ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே குத்தும். அதனால் பயணத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஆனால் உஷார், கீழே இருக்கும் முத்திரைகளைத் திருடனே போலியாகக் குத்தியிருக்கலாம். பவுன்ஸ் எழுதிய சர்வர், 'இந்த ஐ.பி. முகவரியிலிருந்து எனக்கு வந்தது' என்று தானே குத்திய முத்திரையைத்தான் நம்பலாம். அந்த ஐ.பி. நம்முடையது இல்லையென்றால், பாதி நிம்மதி.

இரண்டாவது, நம்ம சர்வரின் லாக். அந்த நேரத்தில் அப்படி ஒரு மெயில் நம்மிடமிருந்து போயிருக்கிறதா? இங்கே நிறையப் பேர் சறுக்குவது நேரத்தில்தான். அவர்கள் லாக் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால். கணக்குப் போடாமல் தேடினால் எதுவும் கிடைக்காது. 'நாங்க அனுப்பலை' என்று சாதிப்பீர்கள், அசிங்கப்படுவீர்கள்.

லாக்கில் அந்த மெயில் இருந்தால் விஷயம் சீரியஸ். யாருடைய பாஸ்வேர்டோ போயிருக்கிறது, அல்லது காலேஜ் வெப்சைட்டில் இருக்கும் 'கருத்துச் சொல்லுங்கள்' படிவத்தை எவனோ துஷ்பிரயோகம் செய்கிறான். உடனே அதை அடைக்க வேண்டும். லாக்கில் இல்லையென்றால், உங்கள் பெயரைத்தான் திருடியிருக்கிறார்கள், அக்கவுன்ட்டை அல்ல. உங்கள் பாஸ்வேர்டு பத்திரம்.

மூன்றாவது, செய்யக் கூடாத ஒன்று. பவுன்ஸ் மெயில்களின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். வேண்டுமென்றே வைத்த விதி அது. இல்லையென்றால் பவுன்ஸுக்கு ஒரு பவுன்ஸ், அதற்கு இன்னொரு பவுன்ஸ் என்று இரண்டு சர்வர்களும் விடியவிடியச் சண்டை போடும். 'காலி உறையோடு வருவதை எல்லாம் தடுத்துட்டா தொல்லை தீர்ந்தது' என்று சில அட்மின்கள் குறுக்கு வழி தேடுவார்கள். நண்பன் சொன்ன ஃபில்டரின் பெரியண்ணன் இது! காலேஜ் முழுக்க ஒருத்தருக்கும் நிஜமான பவுன்ஸ் வராது. எத்தனை பயோடேட்டா காணாமல்போனதென்று யாருக்கும் தெரியாது.

போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம்

நான்காவது, அந்த அசட்டு சர்வரின் அட்மினுக்கு எழுதுவது. மெயில் வாங்கும் ஒவ்வொரு டொமைனிலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அங்கே எழுதலாம். ஆனால் எப்படி?

'உங்க சர்வர் எங்களுக்கு ஸ்பாம் அனுப்புது. உடனே நிறுத்துங்க, இல்லைன்னா பிளாக் பண்ணுவோம்.' இந்தக் கடிதம் நேராகக் குப்பைக்குப் போகும். அந்தப் பக்கம் இருப்பவரும் உங்களைப் போல் தனியாக நாற்பது புகாரோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தர்தான். அவர் கண்ணுக்கு அவர் சர்வர் விதிப்படிதானே நடக்கிறது!

இப்படி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம். இன்ன தேதி, இன்ன நேரத்தில் (நேர மண்டலத்தோடு) உங்கள் இன்ன ஐ.பி.யிலிருந்து எங்களுக்கு இத்தனை பவுன்ஸ் வந்தன. மூல மெயில்கள் எங்களிடமிருந்து வரவில்லை. அவை உங்களுக்கு வந்த ஐ.பி. இது. ஒரு பவுன்ஸை ஹெடரோடு முழுமையாக இணைத்திருக்கிறேன். உங்கள் சர்வர், இல்லாத ஆட்களுக்கு வரும் மெயிலையும் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புகிறது என்று நினைக்கிறேன். வாசலிலேயே 550 சொல்லும்படி மாற்ற முடியுமா?' குற்றப்பத்திரிகை இல்லை, ஆதாரமும் தீர்வும் இருக்கிறது. படிக்கிறவர் ஐந்து நிமிடத்தில் தன் லாக்கைத் திறந்துவிடுவார். ஒரு டிப்ஸ்: இதை வேறு டொமைனில் இருக்கும் முகவரியிலிருந்து அனுப்புங்கள். உங்கள் டொமைன் ஏற்கெனவே அவர்கள் பிளாக் லிஸ்ட்டில் இருந்தால், இந்தக் கடிதமும் பவுன்ஸ் ஆகும்!

"இல்லைன்னு வாசலிலேயே சொன்னா, யார் யார் இருக்காங்கன்னு திருடன் கண்டுபிடிச்சுடுவானே?" என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து இல்லாத பெயர்களாகக் கேட்டால், வேகத்தைக் குறைத்து இணைப்பைத் துண்டிக்க வழி இருக்கிறது. அதற்காக ஊரில் இருக்கிற அப்பாவிகளின் இன்பாக்ஸை நிரப்ப வேண்டாமே.

நம்ம பக்கத்துக் கதவு

அவர் திருந்தும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. 'எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை' என்று டி.என்.எஸ்.ஸில் எழுதிப் போடும் முறை எஸ்.பி.எஃப். இது 2006-ல் ஆர்.எஃப்.சி. ஆக வெளியானது. மெயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிகிம் 2007-லும், இரண்டையும் வைத்து 'பொய்யாக வந்தால் நிராகரி' என்று கட்டளை போடும் டிமார்க் 2015-லும் வந்தன. இவற்றைச் சரிபார்க்கிற சர்வர்கள் போலி மெயிலை வாசலிலேயே திருப்பிவிடும். பவுன்ஸ் பிறக்கவே பிறக்காது. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு அப்போதே அதே மாதிரி விதி போட்டது.

'பி.ஏ.டி.வி.' என்று இன்னொரு தந்திரம். நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் உறையிலும் அனுப்புநர் முகவரியில் ஒரு ரகசியக் குறி சேர்ப்பது. திரும்பி வரும் பவுன்ஸில் அந்தக் குறி இருந்தால் நம்முடையது, இல்லையென்றால் போலி. நிஜத்தைக் கொல்லாமல் பொய்யை மட்டும் தடுக்கும் வழி.

உங்க கையில் இருப்பது

சரி, அட்மின் வேலை அட்மினுக்கு. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

* பவுன்ஸ் வந்தால் முதலில் பெறுநரைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஆளா? 'சென்ட்' பெட்டியில் அந்த மெயில் இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் நிஜம், மேலே படியுங்கள்.

* 5.1.1 என்றால் அப்படி ஆளே இல்லை. ஸ்பெல்லிங் பாருங்கள். 5.2.2 என்றால் அவர் மெயில்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. போன் போட்டுச் சொல்லுங்கள்.

* 5.2.3 அல்லது 5.3.4 என்றால் மெயில் சைஸ் அதிகம். இணைப்புகள் பயணத்தின்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 20 எம்.பி. ஃபைல் கிட்டத்தட்ட 27 எம்.பி. ஆகும். புராஜெக்ட் ரிப்போர்ட்டை லிங்க்காக அனுப்புங்கள்.

* 5.7.1 என்றால் அவர்கள் விதிப்படி அனுமதி இல்லை. அந்தப் பவுன்ஸை அழிக்காமல் அட்மினிடம் காட்டுங்கள்.

* 4-ல் தொடங்கினால் தாமதம்தான், தோல்வி அல்ல. சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள்வரை தானே முயற்சி செய்யும். பதறி ஆறு முறை அனுப்பாதீர்கள். ஆறும் போய்ச் சேர்ந்தால் எச்.ஆர். மேடம் என்ன நினைப்பார்? கடைசித் தேதி நாளைக்கே என்றால் மட்டும் வேறு வழியில் தொடர்புகொள்ளுங்கள்.

* பவுன்ஸில் ஜிப் ஃபைலைத் திற, பாஸ்வேர்டு கொடு என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபிராடு!

முக்கியமான விஷயம், நண்பன் பேச்சைக் கேட்டு அந்த ஃபில்டரை ஏற்கெனவே போட்டிருந்தால், இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள். பிறகு குப்பைப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். போலந்தும் பிரேசிலும் கிடக்கட்டும். நடுவில் எங்காவது, நீங்கள் நிஜமாகவே எழுதிய ஒரு முகவரி ஓர் எழுத்துப் பிழையோடு உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

கடைசித் தேதி இன்னும் முடியவில்லை என்றால், இப்போதே திருத்தி அனுப்புங்க!